பென்சிலோடு மாமல்லபுரத்துக்கு

மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு என்று சொல்லப்படும் பாறையில் ஒரு மான், பின்னங்காலை முன்னால் கொண்டுவந்து குளம்பால் மூக்கைச் சொறிந்துகொள்கிறது. தேவர்களும் முனிவர்களும் நாகர்களும் நிறைந்த, ஏறத்தாழ 90 அடி நீளமுள்ள அந்தப் புடைப்புச் சிற்பத்தின் கதையில் மானுக்கு ஒரு வேலையும் கிடையாது. பல்லவர் காலத்துச் சிற்பி ஒருவர் எங்கோ ஒரு மானை வெகுநேரம் உற்றுப் பார்த்திருக்கிறார். பார்த்ததை விட மனம் வராமல் கல்லில் வைத்துவிட்டார். படம் வரையக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர் முதலில் போய் உட்கார வேண்டிய இடம் அந்த மானுக்கு எதிரில்தான்.

“எனக்கு ஒரு கோடுகூட நேரா வராது” என்று சொல்லித்தான் பலரும் பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறார்கள். உண்மையில் கை செய்யும் தப்பு குறைவு. பெரும்பாலானவர்களால் ஏன் பார்த்ததை அப்படியே வரைய முடிவதில்லை என்று டேல் கோஹன், சூசன் பென்னட் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் ஆராய்ந்து 1997-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கை ஓடாததா, எதை வரைவது எதை விடுவது என்று தெரியாததா, தன் படத்திலுள்ள பிழை தனக்கே தெரியாததா என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். பொருளையே தவறாகப் பார்ப்பதுதான் முக்கியக் காரணம் என்று கண்டார்கள்.

ஒரு முகம் வரையச் சொன்னால் இது உடனே விளங்கிவிடும். புதிதாக வரைகிறவர் கண்களைத் தலையின் மேல்பகுதியில் வைப்பார். உச்சந்தலைக்கும் முகவாய்க்கும் சரிபாதியில்தான் கண்கள் இருக்கின்றன. கண்ணாடி முன் நின்று விரலால் அளந்து பார்த்தால் நம்பவே முடியாது. முகம் என்றாலே கண், மூக்கு, வாய் என்று மனம் முடிவு கட்டிவிடுவதால் நெற்றியும் தலைமுடியும் தாளில் சுருங்கிப் போகின்றன.

இந்தச் சிக்கலை நம் ஸ்தபதிகள் அளவுகளால் கடந்தார்கள். தாலமானம் என்ற அவர்களது முறையில் முகத்தின் நீளம் ஒரு தாலம். அது 12 அங்குலம். நவதாலம் என்றால் உருவம் முழுவதும் 9 தாலம், அதாவது 108 அங்குலம். இந்த அங்குலம் ஸ்கேலில் உள்ளது அல்ல, அந்தச் சிற்பத்துக்கே உரிய பங்கு. முகத்தையும் நெற்றி, மூக்கு, மூக்குக்குக் கீழே முகவாய் வரை என்று மூன்று சமபாகமாகப் பிரிப்பார்கள். 1957-இல் தொடங்கப்பட்டு, வை. கணபதி ஸ்தபதி முதல்வராக இருந்து வளர்த்த மாமல்லபுரம் அரசு சிற்பக் கல்லூரியில் இந்தக் கணக்குகளைப் பாடமாகவே படிக்கிறார்கள். உளிக்கு முன்னால் அங்கே பென்சில் பழக வேண்டும்.

ஆனால், தாலக் கணக்கு தெய்வத் திருமேனிக்கானது. திண்ணையில் கூன்போட்டு உட்கார்ந்திருக்கும் பாட்டி எந்தத் தாலத்துக்கும் அடங்க மாட்டார். தபசுப் பாறையிலேயே இந்த வித்தியாசம் தெரிகிறது. தேவர்கள் எல்லாரும் ஓர் ஒழுங்கில் இருக்கிறார்கள். யானைகளும் குரங்குகளும், பின்னங்கால்களில் நின்று தவம் செய்யும் பூனையும் நேரில் பார்த்துச் செய்தவையாக உயிரோடு நிற்கின்றன. அதனால்தான் புதியவர்கள் விலங்குகளிலிருந்து தொடங்குவது நல்லது.

யானையை எடுத்துக்கொள்வோம். துதிக்கையில் ஆரம்பித்துக் காது, கண் என்று போனால் கால் வரும்போது தாள் தீர்ந்திருக்கும். யானையை மறந்துவிட்டு, அதன் வயிற்றுக்குக் கீழே கால்களுக்கு நடுவில் தெரியும் இடத்தைப் பார்க்க வேண்டும். குட்டிகள் நிற்கும் அந்த இடத்துக்கு ஒரு வடிவம் இருக்கிறது. யானைக்கால் எப்படி இருக்கும் என்று மனத்தில் ஏற்கெனவே ஒரு படம் உண்டு. அந்த இடைவெளிக்கு அப்படி எதுவும் இல்லாததால் கண் உள்ளதை உள்ளபடி பார்க்கிறது. இடைவெளியைச் சரியாக வரைந்தால் கால்கள் தானாக வந்து நிற்கும். பிறகு அளவு: முழங்கையை மடக்காமல் பென்சிலை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, காலின் உயரத்தைக் கட்டைவிரலால் குறித்து, அது உடம்பின் நீளத்தில் எத்தனை முறை அடங்குகிறது என்று பார்க்க வேண்டும். முழங்கை கொஞ்சம் மடங்கினாலும் கணக்கு தப்பிவிடும்.

எவ்வளவு நேரம் பார்ப்பது, எவ்வளவு நேரம் வரைவது? அதே கோஹன் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், பொருளையும் தாளையும் அடிக்கடி மாறி மாறிப் பார்ப்பவர்களின் படமே துல்லியமாக வந்தது. ஒரே மூச்சில் பார்த்துவிட்டு நீளமாக வரைந்துகொண்டே போனால், பாதியிலேயே மனம் தன் சரக்கை நுழைத்துவிடும். இதற்கு நேர்மாறான பயிற்சி ஒன்றும் உண்டு. அமெரிக்க ஓவிய ஆசிரியர் கிமோன் நிகோலைடிஸின் நூல் 1941-இல், அவர் இறந்த பிறகு வெளிவந்தது. தாளைப் பார்க்காமலே, கண் பொருளின் விளிம்பில் ஊர்ந்து போகும் வேகத்தில் பென்சிலையும் ஊர விடச் சொல்கிறார் அவர். படம் கன்னாபின்னாவென்று வரும். வரட்டும். மானின் முதுகு எங்கே வளைகிறது, தூக்கிய கால் எங்கே மடிகிறது என்று அத்தனை நிதானமாக ஒருவர் அதற்கு முன் பார்த்திருக்கவே மாட்டார்.

தபசுப் பாறை கிழக்கு நோக்கியது. விடிந்ததும் வெயில் நேராக முகத்தில் அடிப்பதால் உருவங்கள் தட்டையாகத் தெரியும். பொழுது ஏற ஏறத் துதிக்கைக்கு அடியிலும் வயிற்றுக்குக் கீழும் நிழல் திரண்டு, உருவங்கள் பாறையை விட்டு முன்னால் வரும். அந்த நேரத்தில் கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் நுணுக்கங்கள் மறைந்து வெளிச்சத் திட்டும் இருட்டுத் திட்டும் மட்டும் மிஞ்சும். அந்தத் திட்டுகளைத்தான் முதலில் தாளில் இறக்க வேண்டும். பெரிய வடிவம் முதலில், நுணுக்கம் கடைசியில் என்பதற்கு அந்த ஊரிலேயே சாட்சி இருக்கிறது. முடிக்காமல் விட்ட குடைவரைகளில், பாறையைக் கட்டம் கட்டமாகப் பிரித்துச் செதுக்கத் தொடங்கிய தடங்களை இன்றும் காணலாம்.

பார்த்து வரைவதற்கென்றே வாழ்ந்த ஒருவரைத் தமிழ் வாசகர்கள் நன்றாக அறிவார்கள். நாமக்கல்லில் பிறந்து சென்னை ஓவியப் பள்ளியில் படித்த பி.எம். சீனிவாசனுக்குச் ‘சில்பி’ என்று பெயர் வைத்தவர் ஓவியர் மாலி. ஆனந்த விகடனின் ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ தொடருக்காகச் சில்பி கோயில் கோயிலாகப் போய், சிற்பத்துக்கு எதிரிலேயே உட்கார்ந்து வரைந்தார். அந்தப் படங்களில் ஒன்றை எடுத்து, கோடுகள் எங்கே நெருங்குகின்றன, எங்கே விலகுகின்றன என்று பார்த்துப் பார்த்து நகலெடுப்பது அருமையான பயிற்சி. காப்பியடிக்கிறோமே என்று கூச வேண்டியதில்லை. சென்னை திரும்பும் வழியில் ஈஞ்சம்பாக்கத்தில், கே.சி.எஸ். பணிக்கரின் முயற்சியில் 1966-இல் உருவான சோழமண்டலம் கலைஞர் கிராமத்தையும் பார்த்துவிட்டு வரலாம். அந்தத் தலைமுறை ஓவியர்களின் கோடுகள் ஒவ்வொன்றும் வேறு வேறு ரகம்.

செலவு அதிகமில்லை. 2பி, 4பி பென்சில்கள், வெள்ளைத்தாள், பிள்ளைகளின் பரீட்சை அட்டை போதும். ரப்பரை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவது உத்தமம். தப்பான கோடு அங்கேயே இருந்தால்தான் சரியான கோட்டை எங்கே போடுவது என்று தெரியும். செங்கல்பட்டுக்காரர்கள் திருக்கழுக்குன்றம் வழியாகக் காலையிலேயே வந்துவிடலாம். மான் கைக்கு வந்துவிட்டால் பக்கத்திலேயே கிருஷ்ண மண்டபம் இருக்கிறது. அங்கே ஒருவர் பால் கறக்க, பசு கழுத்தைத் திருப்பிக் கன்றை நக்குகிறது.

கல் அசையாது என்பதால் அது முதல் படி. அடுத்தது கடற்கரையில் வலை பின்னிக்கொண்டிருப்பவர்கள். அவர்கள் அசைந்துகொண்டே இருப்பார்கள், ஆனால் கையும் தோளும் திரும்பத் திரும்ப அதே நிலைக்கு வரும். ஒரே தாளில் நாலைந்து உருவங்களைத் தொடங்கி வைத்துக்கொண்டு, எந்த நிலை திரும்பி வருகிறதோ அந்த உருவத்தில் மேலும் ஒரு கோடு சேர்த்துக்கொண்டே போகலாம்.