ஒரே நொதியம், இரண்டு மருந்து

கண்டியைச் சுற்றியுள்ள மரக்கறித் தோட்டங்களில் பூச்சிக்கு நஞ்சு தெளிப்பதை ‘மருந்தடிக்கிறது’ என்றுதான் சொல்வார்கள். மறதி முற்றிய பாட்டிக்கு வைத்தியர் எழுதித் தரும் குளிசையும் மருந்துதான். பேச்சில் ஒட்டிக்கொண்ட இந்த உறவு இரசாயனத்திலும் உண்டு. அசிட்டைல்கோலின்எஸ்டரேஸ் என்ற ஒரே நொதியத்தின் கையைத்தான் இரண்டும் பிடிக்கின்றன.

நரம்புமுனை அசிட்டைல்கோலினை விட்டு அடுத்த கலத்தைத் தட்டுகிறது. தட்டியது போதும் என்றதும் இந்த நொதியம் அதை உடைத்துப்போடுகிறது. விநாடிக்கு ஆயிரக்கணக்கான மூலக்கூறுகள். ஓகனோபொஸ்பேற்று வகைப் பூச்சிநாசினிகள் நொதியத்தை இறுகப் பற்றி எளிதில் விடுவதில்லை. அசிட்டைல்கோலின் தேங்குகிறது: வியர்வை கொட்டும், எச்சில் வழியும், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும்.

அந்த ஆபத்தை அத்ரோபின் என்ற மாற்றுமருந்தின் உதவியால் கடந்தவர்களிடம் இன்னொன்றைக் கவனித்தார் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நிமால் சேனாநாயக்க. தேறிவிட்டார் என்று நினைத்த நோயாளி, நஞ்சேறி ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாமல் கிடக்கிறார். அடுத்து மூச்சுத்தசைகளும் ஓய்கின்றன. அத்ரோபின் இங்கே உதவாது, செயற்கைச் சுவாசம்தான் காப்பாற்றும். லக்ஷ்மன் கரலியத்தவுடன் சேர்ந்து, 10 நோயாளிகளை வைத்து 1987இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் இதை எழுதினார். ‘இடைநிலை நோய்க்குறி’ என்ற பெயர் அப்போது பிறந்தது. தலையைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பது இன்றும் படுக்கையருகே செய்யும் எளிய சோதனை.

அல்சைமர் நோயில் சிக்கல் தலைகீழ். மூளையில் அசிட்டைல்கோலின் அனுப்பும் கலங்கள் முன்கூட்டியே மடிவதால் சேதி மெலிகிறது. நொதியத்தைச் சற்றுத் தடுத்தால் மிச்சமிருக்கும் சேதி கூடுதல் நேரம் நிற்கும். டொனெபெசில் என்ற குளிசை செய்வது அதைத்தான். ரிவாஸ்டிக்மின் என்ற இன்னொரு மருந்து சில பூச்சிநாசினிகளைப் போலவே கார்பமேற்று குடும்பம். ஆனால் மூளையில் நொதியத்தைப் பத்து மணித்தியாலம் போலப் பிடித்துவிட்டு விட்டுவிடும். கலங்கள் சாவதை இவை நிறுத்துவதில்லை. உயிரோடிருக்கும் கலத்தின் குரலைக் கொஞ்சம் உரக்கக் கேட்கச் செய்கின்றன, அவ்வளவுதான். அதனால் சிலருக்குப் பேரப்பிள்ளையின் பெயர் இன்னும் சில மாதம் நினைவில் நிற்கலாம்.

ரிவாஸ்டிக்மின் தோலில் ஒட்டும் பட்டையாகவும் வருகிறது. பழையதை உரித்த பிறகே புதியதை ஒட்டவேண்டும். மறந்து இரண்டு மூன்றைச் சேர்த்து ஒட்டினால் வாந்தி, வியர்வை, நாடித்தளர்ச்சி என்று தோட்டத்து மருந்தின் அதே அடையாளங்கள் பாட்டியின் உடம்பில் தெரியும். அதனால்தான் பட்டையின் மேல் தேதி எழுதி ஒட்டச் சொல்கிறார்கள்.