குடும்பத்தோடு அக்கரைக்கு: பெட்டி கட்டுமுன் போட வேண்டிய கணக்கு

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் நம்மவர்கள் கூடும் இடங்களிலெல்லாம் ஒரு பேச்சு அடிபடுகிறது. "பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சென்னைப் பக்கம் போய் மூன்று நான்கு வருஷம் இருந்தால் என்ன?" என்பதே அது. கொழும்பிலிருந்து விமானத்தில் ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. பாஷை ஒன்று, சாப்பாடு ஏறத்தாழ ஒன்று. புறக்கோட்டையில் துணி வியாபாரம் செய்யும் எனக்கும் இந்த யோசனை வந்தது. சில மாதங்களாக இதற்கென்றே ஒரு கொப்பி வைத்து, விசாரித்ததையெல்லாம் எழுதி வருகிறேன். இதே யோசனையில் இருக்கும் வியாபாரச் சகோதரர்களுக்கு உதவும் என்பதால் அதன் சாரத்தை இங்கே தருகிறேன்.

முந்தியவர்கள் செய்த ஏற்பாடு

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களிலிருந்து வந்து புறக்கோட்டையில் கடை வைத்திருந்த பெரியவர்களை நாம் அறிவோம். அவர்களில் பெரும்பாலானோர் குடும்பத்தை இங்கே கொண்டுவரவில்லை. வீடு அங்கே, கடை இங்கே. இரண்டு கரையிலும் கால் வைத்தே பரம்பரை பரம்பரையாக வியாபாரம் நடந்தது. 1948, 1949ஆம் ஆண்டுகளின் பிரஜாவுரிமைச் சட்டங்கள் வந்த பின்னர்தான் "நீ எந்த நாட்டவன்?" என்ற கேள்வி அவர்கள் முன் கடுமையாக நின்றது. கடதாசி இல்லாமல் நடந்த காலம் அது. இன்று நாம் எதிர்ப்பக்கமாகப் போக நினைக்கிறோம். கடல் அதேதான். கடதாசிதான் கூடிவிட்டது.

விசாவில் தொடங்குவோம்

சுற்றுலா விசாவில் போய், பிள்ளைகளைப் பாடசாலையில் சேர்த்துவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அது சரிவராது. குடும்பத் தலைவருக்கு வர்த்தக விசாவோ தொழில் விசாவோ கிடைத்து, அதைச் சார்ந்து மனைவி மக்களுக்கு நுழைவு விசா எடுப்பதே முறையான வழி. அந்த நுழைவு விசாவில் மனைவி வேலை செய்ய முடியாது. 180 நாட்களுக்கு மேற்பட்ட விசாவில் போகிறவர்கள், போய் இறங்கி 14 நாட்களுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டியிருக்கும். இதை இப்போது இணையத்திலேயே செய்யலாம். வெளிநாட்டவரைத் தங்கவைக்கும் வீட்டுக்காரரும் 24 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். இதற்குப் பின்வாங்கும் வீட்டுக்காரர்கள் உண்டு. ஆகவே முற்பணம் கொடுக்குமுன் இதைப் பேசி முடித்துக்கொள்ள வேண்டும்.

வீடு வாங்கலாமா?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இது. "இங்கே உள்ள காணியை விற்று அங்கே ஒரு ஃபிளாட் வாங்கிவிடலாமே" என்றார் என் மச்சான். வாங்க முடியாது. இந்திய அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கீழ், இலங்கை உட்படச் சில நாடுகளின் பிரஜைகள் ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி இல்லாமல் அங்கே நிலமோ வீடோ வாங்க இயலாது. ஐந்து வருடத்துக்கு மேற்படாத குத்தகைக்கு மட்டுமே இதில் விலக்கு. உறவினர் ஒருவரின் பெயரில் வாங்கிப் போடும் யோசனையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பினாமிச் சொத்தை அரசாங்கம் பறிமுதல் செய்ய அங்கே சட்டம் இருக்கிறது. அரசாங்கம் எடுக்காவிட்டாலும் உறவு முறிந்தால் கேட்கப் போக இடமில்லை.

வாடகைக்கு எடுக்கும்போது சென்னையில் பல மாத வாடகையை முற்பணமாகக் கேட்பது பழைய வழக்கம். 2019 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையை அளவாகச் சொல்கிறது. ஆனால் இரு தரப்பும் வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ள அதில் இடமுண்டு. எழுதிக் கையொப்பமிடும் ஒப்பந்தத்தை ஒவ்வொரு வரியாக வாசியுங்கள்.

என்ன வியாபாரம் செய்யலாம்?

பலவிதச் சாமான்களும் விற்கும் சில்லறைக் கடையை அங்கே நம் பெயரில் திறப்பது நடவாத காரியம். பல வணிகப் பெயர்ச் சில்லறை விற்பனையில் அந்நிய முதலீட்டுக்கு 51 சதவீத உச்சவரம்பும் அரசாங்க அனுமதியும் பெரும் நிபந்தனைகளும் இருக்கின்றன. மொத்த வியாபாரத்துக்கு 100 சதவீதம் அனுமதி உண்டு. அதற்குத் தனியார் கம்பனி பதிய வேண்டும். அதன் பணிப்பாளர்களில் ஒருவராவது வருடத்தில் 182 நாட்கள் இந்தியாவில் தங்கியவராக இருக்க வேண்டும். ஈரோடு, சூரத் சந்தைகளில் கொள்முதல் செய்து இங்கே அனுப்பும் என்னைப் போன்றவர்களுக்கு இந்த வழி பொருந்தக்கூடும்.

வரியில் ஒளிந்திருக்கும் பொறி

இந்திய நிதியாண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை. அதில் 182 நாட்கள் அங்கே தங்கினால் நீங்கள் வரிக்கு அந்நாட்டு வதிவாளர். 60 நாட்கள் தங்கி, முந்திய நான்கு வருடங்களில் மொத்தம் 365 நாட்கள் தங்கியிருந்தாலும் அப்படியே. கொள்முதலுக்கு அடிக்கடி போய்வருகிறவர்கள் இந்த இரண்டாவது விதியைக் கவனிக்க வேண்டும்.

புதிதாகப் போகிறவரின் வெளிநாட்டு வருமானத்துக்கு முதல் சில வருடங்களில் பொதுவாக வரி விதிப்பதில்லை. ஆனால் ஒரு விலக்கு இருக்கிறது. அந்த வருமானம் இந்தியாவிலிருந்து கட்டுப்படுத்தப்படும் வியாபாரத்திலிருந்து வந்தால் வரி உண்டு. அதாவது, சென்னையில் உட்கார்ந்து தொலைபேசியில் புறக்கோட்டைக் கடையை நடத்தினால் அந்தக் கேள்வி எழும். இரு நாடுகளுக்குமிடையே இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இருப்பதால் ஒரே வருமானத்துக்கு இரண்டு முறை முழு வரி கட்டும் நிலை வராது. ஆனாலும் அதன் பயனைப் பெறக் கணக்குப் புத்தகம் ஒழுங்காக இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் தெரிந்த ஒரு கணக்காளருக்குக் கொடுக்கும் கட்டணம் வீண்செலவல்ல.

காசு எப்படிப் போகும்?

இங்கிருந்து காசு கொண்டுபோவது 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கீழ் வருகிறது. எவ்வளவு அனுப்பலாம் என்ற அளவு காலத்துக்குக் காலம் மாறுகிறது. ஆகவே போன வருடம் ஒருவர் அனுப்பியதை வைத்துக் கணக்குப் போடாமல், உங்கள் வங்கியில் எழுத்தில் கேளுங்கள். உண்டியலில் அனுப்பும் காசுக்குப் பத்திரம் இல்லை. அங்கே "இந்தப் பணம் எப்படி வந்தது?" என்று கேட்டால் காட்ட ஒன்றும் இராது.

நாணய மாற்றையும் மறக்கக்கூடாது. மாதச் செலவு 60,000 இந்திய ரூபா என்று வையுங்கள். 2022 மார்ச் ஆரம்பத்தில் டொலர் 200 ரூபா அளவில் இருந்தபோது அது நம் காசில் சுமார் 160,000. அதே வருடம் மே மாதத்தில் டொலர் 350ஐத் தாண்டியபோது அதே செலவு சுமார் 270,000. வீட்டில் ஒருவர்கூட ஒரு பிடி சோறு அதிகமாகச் சாப்பிடவில்லை. வருமானம் இலங்கை ரூபாவிலும் செலவு இந்திய ரூபாவிலும் இருக்கிறவர், ஆறு மாதச் செலவையாவது முன்கூட்டி ஒதுக்கிவிட்டே கிளம்ப வேண்டும்.

பிள்ளைகளின் படிப்பு

தமிழ்நாட்டில் பாடசாலை ஆண்டு ஜூன் மாதம் தொடங்குகிறது. நமது தவணையோடு அது பொருந்தாது. ஓ.எல். எழுதிய பிள்ளைக்குச் சமநிலைச் சான்று கேட்பார்கள். மருத்துவம் படிக்க விரும்பினால் நீட் பரீட்சை எழுத வேண்டும். படித்துத் திரும்பினால் இங்கே இலங்கை மருத்துவ சபையின் பரீட்சை வேறு இருக்கிறது.

என் மனைவி கேட்ட கேள்வி இவை எல்லாவற்றையும்விடக் கனமானது. "மூணு வருஷம் கழிச்சு வந்தா மகனுக்குச் சிங்களம் வருமா?" புறக்கோட்டையில் சிங்களம் தெரியாமல் ஒரு நாள்கூட வியாபாரம் செய்ய முடியாது. நாளைக்கு மகன் இந்தக் கடையில் உட்கார வேண்டுமென்றால், அவனது சிங்களமும் கடையின் முதல்தான். வீட்டில் கிழமைக்கு இரண்டு நாள் இணையத்தில் சிங்கள வகுப்பு என்று கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். அது போதுமா என்று இன்னும் நிச்சயமில்லை.

எங்கள் வீட்டு முடிவு

உம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "மகன், போறது சரி. கடச் சாவிய யார்ட கையில குடுக்கப் போற?" வாப்பா எடுத்த கடை அது. நானாவோடு இரண்டு நாள் இருந்து பேசினோம். கடையை விற்பதில்லை, காணியையும் விற்பதில்லை என்று தீர்மானித்தோம். அன்றாட நிர்வாகம், காசோலைக் கையொப்பம் எல்லாம் நானாவுக்கு. இலாபப் பங்கு எழுத்தில். சட்டத்தரணி மூலம் அட்டோர்னிப் பத்திரமும் எழுதுகிறோம். முதலில் பாடசாலை விடுமுறையில் குடும்பத்தோடு ஒரு மாதம் வாடகை வீட்டில் இருந்து பார்ப்பது. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பிடித்தால் இரண்டு வருடத்துக்குப் போவது. இரண்டாம் வருட முடிவில் கணக்கை விரித்து, இருப்பதா திரும்புவதா என்று முடிவெடுப்பது. உம்மா எங்களோடு வர விரும்பவில்லை. ஆகவே இரண்டு மாதத்துக்கு ஒரு முறை நான் வந்து போகும் விமானச் செலவையும் பட்டியலில் சேர்த்திருக்கிறேன். அதைச் சேர்த்தபோது மொத்தத் தொகை எதிர்பார்த்ததைவிடக் கூடியது. ஆனால் அந்தச் செலவை வெட்டுவதற்கு எனக்கு மனமில்லை.

போக நினைக்கும் சகோதரர்கள் முதலில் ஒரு கொப்பி வாங்குங்கள். விசா, வீடு, வரி, காசு, படிப்பு, இங்கே விட்டுப் போகிறவர்கள் என்று ஆறு தலைப்பு போடுங்கள். ஒவ்வொன்றின் கீழும் பதில் எழுதி முடியும்வரை விமானச் சீட்டு வாங்காதீர்கள். ஆறாவது தலைப்பை மட்டும் தனியாக எழுதாதீர்கள். வீட்டிலுள்ள எல்லோரையும் உட்காரவைத்து எழுதுங்கள்.