பாலாற்றங்கரையில் சைக்கிள் சுற்றுலா: விவசாயிக்கு வருமானம் கிடைக்குமா?

பாலாறு பிறக்குமிடம் கர்நாடகத்தின் நந்தி மலை. அந்த மலையைச் சுற்றியுள்ள ஊர்களில் திராட்சைத் தோட்டங்கள் நிறைய உண்டு. பெங்களூர் நீலத் திராட்சைக்கு 2013-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. திராட்சையிலிருந்து ஒயின் தயாரிக்கும் ஆலைகளும் அப்பக்கம் உள்ளன. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பெங்களூரிலிருந்து சைக்கிளில் கிளம்பி, நந்தி மலைக்குப் போய்வருவோர் பலர்.

ஒயினுக்குப் பேர்போன நாடுகளில் இது நன்கு வேரூன்றிய வழக்கம். பிரான்சில் அல்சாஸ் பகுதியின் ஒயின் சாலை 1953-இல் ஏற்படுத்தப்பட்டது. நீளம் சுமார் 170 கிலோ மீட்டர். அதையொட்டிச் சைக்கிள் பாதையும் இருக்கிறது. ஜெர்மனியில் மோசல் ஆற்றின் கரையோடு சைக்கிள் பாதை செல்கிறது. பெட்ரோல் செலவில்லை, புகையில்லை, ஊருக்குத் தொந்தரவில்லை. அதே பாலாறு கீழே இறங்கி வரும் வாணியம்பாடி, ஆம்பூர், பள்ளிகொண்டா பகுதியில் இப்படி ஒரு சுற்றுலா நடக்குமா? நம் விவசாயிகள் யோசிக்க வேண்டிய கேள்வி இது.

சைக்கிளில் வருபவரால் என்ன லாபம்?

பஸ்ஸில் வரும் கூட்டம் ஒரே இடத்தில் இறங்கி, ஒரே கடையில் வாங்கிவிட்டுப் போய்விடும். சைக்கிளில் வருபவருக்குத் தாகம் எடுக்கும், பசிக்கும், நிழல் வேண்டும். ஆகவே வழிநெடுக நாலைந்து தோட்டங்களில் நிற்பார். அவரால் மூட்டை சுமக்க முடியாது. இளநீரோ, வெள்ளரிப் பிஞ்சோ, மதியச் சாப்பாடோ, அங்கேயே முடிந்துவிடும். கையில் பணம், இடையில் தரகர் இல்லை. அதிகம் வாங்க விரும்பினால் முகவரி வாங்கிக்கொண்டு பார்சல் அனுப்பலாம்.

நம்மிடம் என்ன இருக்கிறது?

திராட்சை இல்லாவிட்டால் பரவாயில்லை. பாலாற்றங்கரையில் தென்னந்தோப்புகள் உண்டு. அணைக்கட்டு வட்டத்து இலவம்பாடி முள்ளு கத்தரிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. அதை விளைந்த இடத்திலேயே பார்த்து, குழம்பாகவும் சாப்பிட்டுப் போக வெளியூர்க்காரர் விரும்புவார். பயிற்சி உள்ளவர்களுக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட ஏலகிரி மலைப்பாதை இருக்கிறது. மற்றவர்களுக்குச் சமவெளியே போதும். தேசிய நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே சைக்கிள் ஓட்டுவது ஆபத்து. கிராமச் சாலைகளையே காட்ட வேண்டும். மார்கழி, தை மாதங்களின் காலை நேரம் ஏற்றது.

பெரிய தடை தண்ணீர்

காரில் வருபவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விடுவார். சைக்கிளில் வருபவருக்கு ஆற்றின் நிறமும் தெரியும், கழிவின் நாற்றமும் தெரியும். மூக்கைப் பிடித்துக்கொண்டு யாரும் சைக்கிள் மிதிக்க மாட்டார்கள்.

தோல் கெடாமலிருக்க உப்பிட்டு வைக்கிறார்கள். பதனிடும்போது அந்த உப்பு கழிவு நீரோடு வெளியேறுகிறது. சாதாரணச் சுத்திகரிப்பில் கரைந்த உப்பு நீங்குவதில்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்கு உதவாமல் போனதைக் குறிப்பிட்டது. மாசு செய்தவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையையும் உறுதிப்படுத்தியது. ஆனாலும் பாதிப்பு தீரவில்லை. 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம், பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இழப்பீடு வழங்கவும், அதை மாசு செய்தவர்களிடமிருந்து வசூலிக்கவும் உத்தரவிட்டது. தோல் தொழில் இந்த வட்டாரத்தில் ஏராளமானோருக்குச் சோறு போடுகிறது. அந்தத் தொழிலும் வேண்டும், நம் கிணறும் வேண்டும். கழிவை ஆற்றில் விடாமலிருந்தால்தான் இரண்டும் நிலைக்கும்.

செய்ய வேண்டியவை

முதலில் கிணற்று நீரைச் சோதித்துக்கொள்ளுங்கள். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரால் பாட்டிலைக் கழுவி, பிறகு நீரைப் பிடித்து மண் பரிசோதனை நிலையத்தில் கொடுக்க வேண்டும். கூடவே மண் மாதிரியும் கொடுக்கலாம். திராட்சையும் கத்தரியும் உப்பை அதிகம் தாங்காத பயிர்கள். தென்னை ஓரளவு தாங்கும். களர் நிலமென்று தெரிந்தால் சிபாரிசு செய்யும் அளவு ஜிப்சம் இட்டு, நல்ல தண்ணீரைத் தேக்கி வடித்து, தக்கைப்பூண்டை விதைத்து மடக்கி உழலாம். நெல் வைப்பவர்கள் திருச்சி 1 ரகத்தைக் கேட்டு வாங்கலாம். சோதனை முடிவுகளைப் பத்திரமாக வைத்திருங்கள். இழப்பீடு கேட்கும்போது அவை கைகொடுக்கும்.

சுற்றுலாவுக்குப் பெரிய முதல் தேவையில்லை. ஐந்தாறு தோட்டக்காரர்கள் சேர்ந்து, நிழலில் ஒரு கொட்டகை, சுத்தமான குடிநீர், கழிப்பறை, காற்றடிக்கும் பம்பு, விலைப் பலகை ஆகியவற்றை ஏற்பாடு செய்தால் போதும். மருந்து தெளித்த வயலுக்குள் யாரையும் விடக்கூடாது. மகாராஷ்டிர அரசு வேளாண் சுற்றுலாவுக்கென்றே 2020-இல் தனிக் கொள்கை வகுத்தது. அங்கு இது விவசாயிகளுக்குத் துணை வருமானமாக இருக்கிறது.

வருபவர் முதலில் கேட்பது ஒரு சொம்பு தண்ணீர். அதைத் தயங்காமல் நம் கிணற்றிலிருந்தே மொண்டு கொடுக்கும் நிலை வர வேண்டும். பாலாறு சுத்தமாக இருக்க வேண்டுமென்று கேட்க, ஊர்க்காரர்களோடு வெளியூர் விருந்தாளிகளும் அப்போது சேர்ந்துகொள்வார்கள்.