கம்பிச் சக்கரம்

காரின் உறுப்புகளை விலைக்கு வாங்கி, வீட்டிலேயே பொருத்திக் கார் அமைப்போர் இங்கிலாந்தில் பலர் உளர். 1957-இல் தோன்றிய ‘லோட்டஸ் செவன்’ இவ்வாறு விற்கப்பட்ட கார்களுள் ஒன்று. வீட்டில் கார் அமைப்போருள் சிலர், பழைய முறைக் கம்பிச் சக்கரங்களை விரும்பிப் பூட்டுவர்.

மர வண்டிச் சக்கரத்தில் தடித்த ஆரக்கால்கள் கீழிருந்து பாரத்தைத் தாங்குகின்றன. மெல்லிய கம்பியோ அழுத்தினால் வளையும், இழுத்தால் வளையாது. ஆதலின், கம்பிகள் அனைத்தையும் சீராக இழுத்துக் கட்டுவர். சில தளர்ந்தால் அவற்றின் சுமை மற்றவற்றின்மேல் ஏறும், வட்டையும் கோணும்.

கம்பிகளின் முனைகள் வட்டையைத் துளைத்து நிற்கும். அத்துளைகளின் வழியே காற்றுக் கசியுமாதலால், டயருக்குள் டியூப் இன்றியமையாதது. கம்பி முனை டியூபைக் குத்தாதபடி, இடையே ரப்பர்ப் பட்டை ஒன்றைச் சுற்றுதல் வேண்டும்.

இனி, சக்கரத்தைத் தாங்கும் குடத்தைக் காண்போம். அதன்மேல் நீளவாட்டில் பற்கள் உண்டு. சக்கரம் அப்பற்களில் செருகி அமரும். நடுவே ஒரே ஒரு பெரிய நட்டு அதனை இறுக்கும். காரின் இடப்பக்கக் குடத்தில், வலப்புறமாகத் திருகினால் இறுகும் வலப்புரி வெட்டப்பட்டிருக்கும். வலப்பக்கக் குடத்தில் அதற்கு மாறான இடப்புரி இருக்கும். இவ்வாறு அமைந்தால், கார் ஓடும்போது நட்டு இறுகவே முயலும். குடங்களை இடம் மாற்றிப் பூட்டினாலோ, நட்டு மெல்லத் தளரும். முடிவில் சக்கரமே கழன்றுவிடும்.

நிற்கும் காரில் இப்பிழை எளிதில் புலப்படாது. ஆகவே, பூட்டுமுன் புரியைப் பார்த்தலே அறிவுடைமை.