குழந்தையின் கரப்பானும் மெடிக்கல் கடை டியூபும்

கைக்குழந்தையின் கன்னத்தில் சொரசொரப்பாக ஒரு திட்டு வந்தால், வீட்டில் யாராவது தெருமுனை மெடிக்கலுக்குப் போய் "குழந்தைக்கு அரிப்பு, ஒரு டியூப் குடுங்க" என்று கேட்பது நம் ஊரில் வழக்கம். அப்படிக் கிடைக்கும் டியூபில் பல நேரம் மூன்று மருந்துகள் கலந்திருக்கும்: ஒரு ஸ்டீராய்டு, படைக்கான ஒரு பூஞ்சைக் கொல்லி, ஓர் ஆன்டிபயாடிக். அந்த ஸ்டீராய்டு குளோபிட்டசாலாக இருந்தால், தோலில் பூசும் ஸ்டீராய்டுகளில் அதுதான் மிக வீரியமான ரகம். இரண்டு நாளில் திட்டு மறையும். நிறுத்தினால் திரும்ப வரும். மறுபடி பூசுவார்கள். மாதக்கணக்கில் இது தொடர்ந்தால் தோல் மெலிந்து ரத்தக் குழாய்கள் வெளியே தெரியத் தொடங்கும். குழந்தையின் எடையோடு ஒப்பிட்டால் அதன் தோலின் பரப்பு பெரியவர்களைவிட அதிகம். ஆகவே மருந்து ரத்தத்தில் கலக்கும் அளவும் அதிகம். உடலே சுரக்கும் ஸ்டீராய்டு குறைந்து, வளர்ச்சி பாதிக்கும் அளவுக்கும் போகலாம்.

அதே வீட்டில், தோல் மருத்துவர் முறையாகப் பார்த்து வீரியம் குறைந்த ஹைட்ரோகார்ட்டிசோன் எழுதித் தந்தால், "ஸ்டீராய்டாமே, பச்சைக் குழந்தைக்கா?" என்று பயந்து டியூபைப் பிரிக்காமலே வைத்துவிடுகிறார்கள். பெயர் தெரியாத மருந்தின் மேல் நம்பிக்கையும், பெயர் தெரிந்த மருந்தின் மேல் பயமுமாக நிலைமை தலைகீழாகிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவில் இரவெல்லாம் சொறிந்து அழுவது குழந்தைதான்.

குழந்தைக்கு வந்திருப்பது கரப்பான்தானா என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். எக்ஸிமா என்று மருத்துவர்கள் சொல்லும் இது, வருகிற குழந்தைகளில் பெரும்பாலோருக்கு ஐந்து வயதுக்குள் தொடங்கிவிடும். பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு முதல் வருடத்திலேயே வரும். கைக்குழந்தைக்குக் கன்னம், நெற்றி, தலை, கை கால்களின் வெளிப்புறம் ஆகிய இடங்களில் வரும். டயப்பர் கட்டும் இடத்தில் பெரும்பாலும் வராது. இரண்டு வயதுக்கு மேல் முழங்கை மடிப்புக்கும் முழங்காலின் பின்புறத்துக்கும் நகரும். புத்தகங்களில் 'சிவந்த திட்டு' என்று போட்டிருப்பதை நம்பிச் சிவப்பைத் தேடாதீர்கள். நம் மாநிறத் தோலிலும் கருத்த தோலிலும் அது சாம்பல், காப்பி நிறம், ஊதா சாயலில்தான் தெரியும். சில குழந்தைகளுக்கு வெறும் பொரிப்பொரியாக இருக்கும். கையால் தடவிப் பார்த்தால் கண்ணைவிடச் சீக்கிரம் புரியும். விரல் இடுக்கிலும் உள்ளங்காலிலும் பொரி இருந்து, இரவில் அரிப்பு கூடி, வீட்டில் மற்றவர்களும் சொறிந்துகொண்டிருந்தால் அது சிரங்காக இருக்கலாம். சிரங்குக்கு மருந்து வேறு. வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் பூச வேண்டும். ஸ்டீராய்டு பூசினால் சிரங்கும் படையும் அடையாளம் தெரியாமல் மாறி, பிறகு பார்க்கும் மருத்துவரையே குழப்பிவிடும்.

கரப்பான் ஏன் வருகிறது? ரத்தம் கெட்டதால் அல்ல. தோலின் வெளி அடுக்கு இயல்பிலேயே பலவீனமாக இருப்பதால் ஈரம் வெளியேறுகிறது. சோப்பு, தூசி, கிருமி உள்ளே நுழைகின்றன. உடலின் எதிர்ப்பு மண்டலம் கொதித்தெழுகிறது. பிலாக்ரின் என்ற புரதத்துக்கான மரபணுவில் உள்ள குறைபாடு இதற்கு ஒரு முக்கியக் காரணம் என்பது 2006இல் தெரியவந்தது. குடும்பத்தில் ஆஸ்துமாவோ மூக்கு அலர்ஜியோ இருந்தால் வாய்ப்பு கூடும். ஒட்டுவாரொட்டி இல்லை, மற்ற குழந்தைகளோடு தாராளமாக விளையாட விடலாம்.

ஆனால் பழி விழுவது தாயின் மேல். "நீ கத்தரிக்காய் தின்னே, கருவாடு தின்னே, அதான் பிள்ளைக்கு வந்துடுச்சு" என்று கரப்பான் பண்டங்களின் பட்டியல் நீளும். பிரசவம் ஆகி மூன்று மாதம்கூட ஆகாத பெண்ணின் தட்டிலிருந்து முட்டை, மீன், பால் எல்லாம் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். இது கொடுமை என்றே நான் சொல்வேன். சில குழந்தைகளுக்கு, அதிலும் கரப்பான் கடுமையாக உள்ளவர்களுக்கு, உணவு அலர்ஜியும் சேர்ந்து இருப்பது உண்மைதான். சாப்பிட்ட சிறிது நேரத்தில் தடிப்பு, வாந்தி, உதடு வீக்கம் வந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அப்படி எதுவும் இல்லாமல், யாரோ சொன்னார்கள் என்று தாயையும் குழந்தையையும் பத்தியம் போட்டால் மிஞ்சுவது சத்துக் குறைவுதான். தாய்ப்பாலையும் நிறுத்த வேண்டாம், தடுப்பூசியையும் தள்ளிப்போட வேண்டாம்.

தினசரிப் பராமரிப்பில்தான் பாதி வைத்தியம் இருக்கிறது. கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றுவதும், நலங்கு மாவும் கடலை மாவும் போட்டு உருட்டித் தேய்ப்பதும் இந்தத் தோலுக்கு ஆகாது. வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து முதல் பத்து நிமிடம், வாசனை இல்லாத, சோப்பு அல்லாத குளியல் திரவம் போதும். கிருமிநாசினி கலக்க வேண்டாம். துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர் தடவ வேண்டும். பிறகு பகலில் இன்னும் ஒரு முறையாவது. பொட்டு வைப்பதுபோல் தொட்டு வைத்தால் பயனில்லை. உடல் முழுக்கக் கரப்பான் உள்ள குழந்தைக்கு வாரம் 250 கிராம் வரை செலவாகும் என்பதே மருத்துவ வழிகாட்டிகளின் கணக்கு. மாதம் ஒரு சின்ன டியூப் வாங்கி "பலனே இல்லை" என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

விலையை நினைத்து மலைக்கவும் வேண்டாம். இங்கிலாந்தில் 550 குழந்தைகளிடம் லோஷன், கிரீம், ஜெல், ஆயின்மென்ட் என நான்கு வகையையும் ஒப்பிட்டுப் பார்த்து 2022இல் வெளியிட்ட ஆய்வில், எந்த ஒன்றும் மற்றதைவிட மேலாக இல்லை. குழந்தைக்கு எரியாதது, வீட்டுக்குக் கட்டுப்படியாவது எதுவோ அதுவே நல்லது. வாசனையில்லாத பெட்ரோலியம் ஜெல்லியே போதுமானது. தேங்காய் எண்ணெய்க்கும் ஆதாரம் உண்டு: பிலிப்பைன்ஸ் குழந்தைகளிடம் நடத்தி 2014இல் வெளியான ஆய்வில், எட்டு வாரத்தில் அது கனிம எண்ணெயைவிட நன்றாக வேலை செய்தது. நீர் வடியும் புண்ணில் மட்டும் தடவாதீர்கள். கடுகு எண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் தோல் தடுப்பைக் கெடுப்பவை. சாம்பிராணிப் புகையும் பவுடரும் கட்டாயம் தவிர்க்க வேண்டியவை. பாரஃபின் சேர்ந்த களிம்புகள் ஊறிய துணி சட்டென்று தீப்பிடிக்கும் என்பதால் விளக்கு, அடுப்பு, தீபாவளி மத்தாப்பு பக்கம் குழந்தையை விடக் கூடாது.

இனி ஸ்டீராய்டு. கரப்பான் கிளர்ந்தெழும்போது மாய்ஸ்சரைசர் மட்டும் போதாது. அழற்சியை அடக்க மருந்து வேண்டும். அளவுக்கு ஒரு எளிய முறை இருக்கிறது. பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரை டியூபிலிருந்து ஒரு கோடாகப் பிதுக்குங்கள். அது ஏறக்குறைய அரை கிராம். விரல்கள் சேர்ந்த இரண்டு பெரியவர் உள்ளங்கை அளவு இடத்துக்கு அது சரியாக இருக்கும். மூன்று முதல் ஆறு மாதக் குழந்தையின் முகம், கழுத்து முழுவதற்கும் இந்த ஒரு கோடு போதும். முகத்துக்கு வீரியம் குறைந்தது, தடித்த இடத்துக்குச் சற்றுக் கூடியது, குறிப்பிட்ட நாட்கள், பிறகு குறைப்பது எப்படி என்பதை மருத்துவர் முடிவு செய்வார். இந்த முறையில் பூசினால் தோல் மெலியும் ஆபத்து மிகக் குறைவு. இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு ஸ்டீராய்டு இல்லாத டாக்ரோலிமஸ் களிம்பும் உண்டு. கரப்பான் ஆறிய இடத்தில் தேமல்போல வெளுத்துத் தெரிந்தால் பயப்படாதீர்கள். பெரும்பாலும் அது அழற்சி விட்டுச் சென்ற அடையாளம். சில மாதங்களில் நிறம் திரும்பும்.

"ஸ்டீராய்டே இல்லாத மூலிகைக் களிம்பு" என்று விற்பதை அப்படியே நம்பாதீர்கள். இங்கிலாந்தின் பர்மிங்காமில், கரப்பானுக்காகப் பெற்றோர் பூசிவந்த 24 மூலிகைக் கிரீம்களைப் பரிசோதித்து 2003இல் முடிவு வெளியிட்டார்கள். அவற்றில் 20இல் ஸ்டீராய்டு இருந்தது. உறையில் பொருட்களின் பட்டியல் இல்லாமல், ஓரிரு நாளில் அதிசயமாகக் குணப்படுத்தும் எந்தக் களிம்பையும் குழந்தைக்குப் பூசக் கூடாது.

மஞ்சள் பொருக்கு, சீழ், காய்ச்சல் இருந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். ஒரே அளவில் கொத்துக் கொத்தாகக் கொப்புளமும் குழிந்த புண்ணும் வந்து குழந்தை சோர்ந்தால், நேரம் எதுவானாலும் மருத்துவமனைக்கு ஓடுங்கள். அக்கி வகை வைரஸ் கரப்பானில் பரவினால் உயிருக்கே ஆபத்து. உதட்டில் அக்கிப் புண் உள்ள யாரையும் குழந்தையை முத்தமிட விடாதீர்கள்.

உங்களுக்கு உள்ள உரிமைகளையும் பயன்படுத்துங்கள். 2018இல் மத்திய சுகாதார அமைச்சகம் 14 ஸ்டீராய்டு களிம்புகளை, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத 'அட்டவணை எச்' பட்டியலில் சேர்த்தது. டியூபில் சிவப்புக் கோடும் எச்சரிக்கையும் இருக்கிறதா, மருந்தின் பெயர் 'சோன்' என்றோ 'சால்' என்றோ முடிகிறதா என்று பாருங்கள். இருந்தால் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள். மருந்தின் பொதுப்பெயரைப் படிக்கும்படி எழுத வேண்டியது மருத்துவரின் கடமை. எங்கே, எவ்வளவு, எத்தனை நாள் என்று கேட்டு அதே சீட்டில் எழுதி வாங்குங்கள். அரசின் தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறை வருகின்றன. அவர்கள் பார்க்க வேண்டிய நோய்களின் பட்டியலில் கரப்பானும் இருக்கிறது. மேல் சிகிச்சையும் இலவசம். அங்கன்வாடி ஊழியரிடம் அடுத்த வருகைத் தேதியைக் கேட்டு வையுங்கள்.

மருந்தால் பாதிப்பு வந்தால் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் பதிவு செய்யலாம். சீட்டில்லாமல் விற்கும் கடை பற்றி மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் புகார் தரலாம். பொய் விளம்பரத்தைத் தடுக்க 1954ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. இவை எல்லாவற்றுக்கும் ஆதாரம் வேண்டும். பில்லை வாங்கி வையுங்கள், தீர்ந்த டியூபைத் தூக்கி எறியாதீர்கள், திட்டு கூடும்போதும் குறையும்போதும் தேதியோடு போனில் படம் எடுத்து வையுங்கள். புகாருக்கு மட்டுமல்ல, அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போதும் அந்தப் படங்கள் உதவும்.