கை உணராத மின்னூட்டம், கருகும் சிப்

இரண்டு பொருள்கள் ஒட்டிப் பிரியும்போது ஒன்றின் எலெக்ட்ரான்கள் மற்றொன்றுக்குப் போய்விடுகின்றன. அப்படித் தேங்கி நிற்பதுதான் நிலைமின்சாரம். பாலியஸ்டர் சட்டை அணிந்தவர் பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்தாலே உடம்பில் சில ஆயிரம் வோல்ட் ஏறிவிடக்கூடும். மின்னூட்டத்தின் அளவு மிகச் சிறிது என்பதால் உயிருக்கு ஆபத்தில்லை. காற்று ஈரமாக இருந்தால் அது தானாகக் கசிந்துவிடும். புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரனூர் போன்ற உள்நாட்டு ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மழையில் தொல்லை குறைவு. காற்று காய்ந்த கோடை நண்பகலில் அதிகம்.

சிப்புக்குள் இருக்கும் டிரான்சிஸ்டரின் கேட்டைப் பிரிக்கும் ஆக்சைடு படலம் சில நானோமீட்டர் தடிமன்தான். ஒரு நானோமீட்டருக்கு ஏறத்தாழ 1 வோல்ட் தாண்டினால் அது துளைபடும். இதற்காகவே சிப்பின் கால்களில் காப்பு டயோடுகள் வைக்கிறார்கள். அவற்றின் தாங்கும் திறனுக்கும் எல்லை உண்டு. சுமார் 3,000 வோல்ட்டுக்குக் கீழே நடக்கும் மின்னிறக்கத்தை மனிதத் தோல் உணர்வதே இல்லை. பல பாகங்களோ சில நூறு வோல்ட்டிலேயே பழுதாகின்றன. 'ஷாக்கே அடிக்கவில்லையே' என்ற நம்பிக்கை அதனால்தான் ஆபத்தானது. அரைகுறையாகச் சேதமான ரேம் அன்றைக்கு ஓடிவிட்டு, மாதங்கள் கழித்துக் கணினியைத் திடீர் திடீரென்று நிறுத்தும். பழி மின்வெட்டின் மேல் விழும்.

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்து மின்னணு ஆலைகளில் உடம்பின் மின்னூட்டத்தை எர்த்துக்கு வடிக்கும் மணிக்கட்டுப் பட்டையும் தனிக் காலணியும் அன்றாட ஒழுங்கு. 2011இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் மாநிலமெங்கும் சிற்றூர்களுக்குக் கணினியைக் கொண்டு சேர்த்தது. அதனால் அங்குள்ள பழுதுபார்க்கும் மேசையிலும் அதே ஒழுங்கு வேண்டும். பாகங்களைத் தெர்மாகோல் மீது வைப்பது மிக மோசமான பழக்கம். எளிதில் மின்னூட்டம் ஏறும் பொருள் அது. பாகங்களை வைக்கும் இளஞ்சிவப்பு உறை தானாக மின்னூட்டம் உண்டாக்காது, அவ்வளவே. வெளியிலிருந்து வருவதைத் தடுப்பது உலோகப் படலம் உள்ள சாம்பல் நிற உறைதான். அதிலும் பாகத்தை உள்ளே வைத்தால்தான் பலன், மேலே வைத்தால் இல்லை.

மணிக்கட்டுப் பட்டையில் 1 மெகாஓம் மின்தடை இருக்கும். தவறிப்போய் 230 வோல்ட் தொட்டாலும் கால் மில்லிஆம்பியருக்கு மேல் உடம்பில் ஓடவிடாத காப்பு அது. வெறும் கம்பியைக் கையில் சுற்றிக்கொள்வது இதற்கு ஈடாகாது, உயிருக்கே ஆபத்து.

எர்த் இல்லாத பிளக்கில் கேபினெட்டைத் தொட்டால் சுருசுருவென்று அடிப்பது வேறு சங்கதி. அது பவர் சப்ளையின் வடிகட்டி மின்தேக்கிகள் வழியே கசியும் மின்சாரம். செம்புரான் கல்லும் பாறையும் நிறைந்த மண்ணில் கோடையில் எர்த் குழி காய்ந்து இணைப்பு பலவீனமாகும். அவ்வப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும். ஆனால் ரேம் மாற்ற நல்ல எர்த் கிடைக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பட்டையின் கிளிப்பைக் கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகத்தில் மாட்டினால் போதும். கையும் கணினியும் ஒரே மின்னழுத்தத்துக்கு வந்துவிடும். ரேமை உறையோடு பிடித்துக் கேபினெட்டை ஒருமுறை தொட்ட பிறகு, தங்கநிறக் கால்களில் விரல் படாமல் விளிம்பைப் பிடித்து வெளியே எடுக்கலாம்.