கவாசாகி நோயும் இதயத் தமனிகளின் நெடுங்காலப் பாதிப்பும்: திருவண்ணாமலைச் சூழலை முன்வைத்து

குழந்தைகளின் நடுத்தர இரத்தக் குழாய்களை அழற்சிக்கு உள்ளாக்கும் கவாசாகி நோயை ஜப்பானியக் குழந்தை மருத்துவர் தொமிசாகு கவாசாகி 1961இல் முதன்முதலாகக் கண்டார். 50 குழந்தைகளைப் பற்றிய அவரது அறிக்கை 1967இல் வெளிவந்தது. நோய் தானே தணிந்துவிடும் என்றே அப்போது கருதப்பட்டது. இதயத் தமனிகளில் அது விட்டுச்செல்லும் சேதம் பின்னரே புலனாயிற்று.

ஐந்து நாட்களுக்கு மேல் நீடிக்கும் காய்ச்சல், சீழற்ற கண் சிவப்பு, வெடித்த உதடு, உடலில் தடிப்பு, கைகால் வீக்கம், கழுத்து நெறிகட்டு ஆகியன இதன் அறிகுறிகள். கைக்குழந்தைகளில் பி.சி.ஜி. தழும்பு சிவப்பதும் உண்டு. திருவண்ணாமலை போன்ற ஊர்களில் காய்ச்சலோடு தடிப்பு தோன்றினால் அதனை அம்மை எனக் கொள்வது இயல்பு. வேப்பிலை செருகி, தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை குழந்தையை வீட்டிலேயே வைத்திருக்கும் வழக்கத்தில் இகழ்ச்சிக்குரியது ஏதுமில்லை. தொற்று பரவாமல் காத்த வழக்கம் அது. ஆயினும் இந்நோயில் காலமே சிகிச்சை. எதிர்ப்புப் புரதமான இம்யூனோகுளோபுலினை, எடையில் கிலோவுக்கு 2 கிராம் வீதம் முதல் 10 நாட்களுக்குள் நரம்புவழிச் செலுத்தினால், சிகிச்சையின்றி ஏறத்தாழ நான்கில் ஒரு குழந்தைக்கு நேரும் தமனிப் பாதிப்பு 5 விழுக்காட்டளவுக்குக் குறைகிறது. மருந்தின் விலை மிகுதி. குழந்தை இதய வல்லுநரை நாடி வேலூருக்கோ சென்னைக்கோ செல்ல நேர்ந்தால் மேலும் நாள் கழியும்.

காய்ச்சல் தணிந்து, விரல்நுனித் தோல் உரிந்து, குழந்தை தேறிவிட்டதாகத் தோன்றும் வாரங்களிலேயே தமனி விரிகிறது என்பதுதான் இந்நோயின் வஞ்சம். அழற்சி தமனிச் சுவரின் மீள்தன்மையைச் சிதைப்பதால் சுவர் புடைக்கிறது. சிறிய புடைப்புகளில் பெரும்பாலானவை ஓரிரு ஆண்டுகளில் இயல்பளவுக்குத் திரும்புகின்றன. எனினும் உள்ளடுக்கு தடித்தே அது நிகழ்கிறது. எனவே அளவு சீரானாலும் சுவர் முழுமையாகச் சீரானதாகாது. 8 மில்லிமீட்டரை எட்டிய பெரும்புடைப்புகள் அரிதாகவே சுருங்குகின்றன. அவற்றில் குருதி தேங்கி உறையும். இரு முனைகளிலும் குறுக்கம் வளரும். முடிவில் மாரடைப்பு நேரலாம். இக்குழந்தைகளுக்கு ஆஸ்பிரினுடன் வார்ஃபரின் போன்ற உறைவெதிர்ப்பு மருந்தும் நெடுநாள் தேவைப்படும்.

இடைவெளி நேர்வது பெரும்பாலும் பதின்பருவத்திற்குப் பின்னரே. குழந்தை மருத்துவரிடமிருந்து இதய மருத்துவரிடம் செல்லும்போது பழைய எதிரொலிப் பதிவுகள் உடன் செல்வதில்லை. சிறுவயதில் ‘அம்மை போட்டிருந்தது’ என்று மட்டும் வீட்டார் நினைவுகூரும் 30 வயது மாரடைப்பு நோயாளியின் தமனிப் படத்தில் சுண்ணாம்பேறிய புடைப்பு காணப்படின், கவாசாகி நோயை ஐயுற இடமுண்டு.